என்ன, தூரமா?

மார்ச் 4

அண்ணாவுக்கு,

போனில் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பாய். உன்னுடைய அந்த அப்புறம் ஏழு வருஷமாக வந்தபாடில்லை, நீயும் இந்தப் பக்கம் வந்தபாடில்லை. கடிதம் என்றால் பிழை பிடிப்பதற்காகவாவது கடைசி வரை படிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் நூலகத்துக்கு உங்கள் அகராதி வந்தது. உதவி ஆசிரியர்கள் பட்டியலில் நாலாவதாக உன் பெயர். நூலகர் என் வீட்டுக்காரரைத் தெருவிலேயே நிறுத்தி, "உங்க மச்சான் பேரு அச்சுல வந்திருக்கு" என்று சொல்லியிருக்கிறார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தலையணைப் புத்தகத்தைச் சைக்கிளில் வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, கை துடைத்துவிட்டுத் திறந்து, மகளைக் கூப்பிட்டார். "மாமா எழுதின புஸ்தகம். ஏதாவது ஒரு வார்த்தை சொல்லு, இருக்கான்னு பாப்போம்."

அவளை அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில், மாற்றலாகி வந்த ஒரு பெண் பட்டிக்காடு என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கடுப்பில் அதையே தேடினாள். அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். சத்தமாக வாசித்தாள்:

"பட்டிக்காட்டுத்தனம்: நாகரிகமும் நயமும் அறியாத தன்மை. எடுத்துக்காட்டு: லிஃப்டில் ஏறியவர்களிடமெல்லாம் 'என்ன, தூரமா?' என்று கேட்டது அவருடைய பட்டிக்காட்டுத்தனம்."

வாசித்துவிட்டு, "அப்பா, இது நீங்க!" என்று சிரித்தாள். சிரித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

உனக்குத் தெரியாதது இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், உன் வேலையை நிரந்தரம் செய்ய அசல் பட்டச் சான்றிதழ் வேண்டும் என்று நீ துடித்தபோது, வீட்டிலிருந்து அதை எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ் பிடித்து வந்தவர் அவர்தான். உங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறியதும், பஸ்ஸில் பக்கத்து ஆளைக் கேட்பதுபோல எல்லாரையும் கேட்டுவிட்டார். திரும்பி வந்து டீக்கடையில் அவரே ஊருக்குச் சொல்லிச் சிரித்தார். "ரெண்டாவது மாடிக்குப் போறவங்ககிட்ட தூரமான்னு கேட்டிருக்கேன் பாரு!" நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு பெரியவர் மட்டும் பதில் சொன்னாராம், ஏழாவது மாடியில் பல் பிடுங்கப் போவதாக. "ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருங்க, நூறு வர்றதுக்குள்ள பல்லு கையில இருக்கும்" என்று இவர் தைரியம் சொன்னாராம். நீ சீட்டில் இல்லாததால் வாசலில் கொடுத்துவிட்டு வந்தாராம். அந்தக் கதை உன் காதுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்ததும் நீ செய்த காரியம் இது.

ஊருக்கே தெரிந்த கதை, ஊர் விடுமா? இப்போது அவர் பெயர் "அறுநூத்திப் பன்னெண்டு".

அவர் வேலை குடிநீர் வால்வு திறப்பது. தெருத் தெருவாகச் சைக்கிளில் போய், குழியில் கைவிட்டு வால்வைத் திருகுவார். திருகிக்கொண்டே போகிற வருகிறவர்களைக் கேட்பார். "எங்கே போறீங்க" என்று முகத்தில் அடித்தமாதிரி கேட்கமாட்டார். "என்ன, தூரமா?" அவ்வளவுதான். ஒரு வாரமாக யாரையும் கேட்பதில்லை. தலை குனிந்து திருகிவிட்டு வந்துவிடுகிறார்.

அந்த வாக்கியத்தை எடு. புதுப் பதிப்பு வருகிறது என்று நூலகர் சொன்னார். எடுத்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. எனக்குப் போதும்.

வாயாடி

&nbsp;

மார்ச் 12

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ உணர்ச்சிவசப்பட்டிருக்கிறாய் என்பது புரிகிறது.

முதலில் ஒன்று. அகராதியில் வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் யாரையும் குறிப்பவை அல்ல. "அவர்" என்பது யாராகவும் இருக்கலாம். இரண்டாவது, அகராதி யாரையும் திட்டுவதில்லை. மக்கள் ஒரு சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அதைப் பதிவு செய்கிறது. "பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தது போல" என்று நம் அம்மாவே சொல்வாள். அந்தப் பழமொழியை நான் உண்டாக்கவில்லை.

வாக்கியத்தை மட்டும் மாற்றலாமே என்பாய். எடுத்துக்காட்டு பொருளுக்குப் பொருந்தியிருக்கிறது. ஆகவே பொருளை மாற்றாமல் அதை எடுக்கக் காரணம் காட்ட முடியாது. பொருளை மாற்ற ஆதாரச் சீட்டுகள் வேண்டும். உள்ளங்கை அளவு அட்டை. அதில் யார், என்றைக்கு, எந்தச் சந்தர்ப்பத்தில், என்ன சொன்னார் என்று அவர் சொன்னபடியே எழுதியிருக்க வேண்டும். குறைந்தது இருபது. எங்கள் முதன்மை ஆசிரியர் ஆதாரம் இல்லாமல் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்தமாட்டார். ஏப்ரல் 30-ஆம் தேதியோடு புதுப் பதிப்புக்கான திருத்தங்கள் முடிகின்றன.

மாப்பிள்ளை பெரிய மனசுக்காரர். நாளடைவில் மறந்துவிடுவார். குழந்தையை நன்றாகப் படிக்கச் சொல்.

உன் அண்ணன்

&nbsp;

மார்ச் 23

அண்ணா,

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ. சின்ன வயசில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு "டம்ளர் உடைஞ்சிருக்கு" என்று சொன்னவன்தானே.

ஆதாரம்தானே வேண்டும்? நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதை மறந்துவிட்டாய். பஸ் நிலைய விசாரணை ஜன்னலில். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஊர் உலகமே வந்து என் முன்னால் வாயைத் திறக்கிறது. பழைய கால அட்டவணைகளை உள்ளங்கை அளவு வெட்டி வைத்துக்கொண்டேன். பத்து நாளில் முப்பத்தொன்று சேர்ந்தது. எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறேன், உனக்குச் சாதகமாக இருப்பதையும் சேர்த்து. நான் கள்ளத் தராசு பிடிக்கிறவள் இல்லை.

மார்ச் 14: மருந்துக் கம்பெனி ஆள், வயது முப்பது இருக்கும். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சரியான பட்டிக்காடு சார், டவரே எடுக்கல." உனக்குச் சாதகம். வைத்துக்கொள்.

மார்ச் 16: இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக ஓர் அம்மா, கண்டக்டரிடம். "நான் பட்டிக்காடுதான். அதனாலதான் நேரா கேக்கறேன். உக்கார எடம் இருக்குன்னு சொல்லித்தானே ஏத்துனீங்க?" அந்தக் கண்டக்டர் எழுந்து தன் சீட்டைக் கொடுத்தார். நாகரிகமும் நயமும் அறியாத தன்மையா இது?

மார்ச் 17: பழைய டிரைவர், புது டிரைவரிடம். "பட்டிக்காட்டு ரூட்டுப்பா இது. கை காட்டினா நிறுத்தணும், காட்டலைன்னா ஏன் காட்டலைன்னு நிறுத்திக் கேக்கணும்."

இன்னொன்று கவனித்தேன், அது எந்தச் சீட்டிலும் தனியாக இல்லை. முப்பத்தொன்றையும் மேஜையில் பரப்பினால்தான் தெரியும். எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட எங்கள் ஊரைப் பட்டிக்காடு என்று சொல்லவில்லை. அடுத்த ஸ்டாப்பைச் சொல்கிறார்கள். அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள் அதற்கடுத்த ஸ்டாப்பை. கடைசி ஸ்டாப்பில் ஒரு செங்கல் சூளைதான் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர் சூளைக்கு அந்தப்புறம் கையைக் காட்டினார். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் கருவேலம்.

மிட்டாய்க் கடைப் பழமொழிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நகரத்துக்குப் போன முதல் மாசம், நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து முக்கால் மணி நேரம் நின்றேன் என்று எனக்கு எழுதியது யார்? அந்தக் கடிதம் பத்திரமாக இருக்கிறது. தேவையானால் சீட்டு போட்டு அனுப்புகிறேன்.

இனி சிரிப்பில்லாத விஷயம். கடைசித் தெருவில் தனியாக இருக்கிற தையல்காரர் புதன்கிழமை குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். காலை ஏழு மணிக்கு விழுந்தவரை மதியம் மூன்று மணிக்கு, துணி வாங்க வந்தவர்கள்தான் பார்த்தார்கள். அவர் வீட்டு வாசலில்தான் வால்வுக் குழி. முன்பெல்லாம் உன் மாப்பிள்ளை ஏழே காலுக்கு வேலிக்கு மேலாக "என்ன, தூரமா?" என்பார், வீட்டைவிட்டே போகாத மனுஷர் உள்ளேயிருந்து "அமெரிக்கா!" என்பார். புதன்கிழமை இவர் வாயைத் திறக்காமல் திருகிவிட்டு வந்துவிட்டார். இப்போது சோறு இறங்கவில்லை. "கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. நான் கல்யாணம் செய்துகொண்ட மனுஷரை எனக்குத் திருப்பிக் கொடு.

வாயாடி

&nbsp;

ஏப்ரல் 5

தங்கைக்கு,

தையல்காரர் எப்படி இருக்கிறார்?

உன் சீட்டுகளை ஆசிரியர் குழுவில் வைத்தேன். பழைய டிரைவர் சொன்னதை எல்லாரும் இரண்டு முறை வாசித்துச் சிரித்தார்கள். முதன்மை ஆசிரியர் சிரிக்கவில்லை. முப்பத்தொன்றையும் மேஜையில் பரப்பி, ஸ்டாப் வரிசையில் அடுக்கிப் பார்த்தார். "இந்தம்மாவுக்கு அகராதி வேலை தெரியுது" என்றார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாம் ஒரே ஜன்னலில், ஒரே ஆள் சேகரித்தது. அந்த ஆள் உதவி ஆசிரியரின் தங்கை. விதிப்படி செல்லாது.

இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். மூன்று நாளாக முடிக்க முடியவில்லை.

அந்த வாக்கியம் யாரையும் குறிப்பதல்ல என்று எழுதினேன். பொய். கதை என் காதுக்கு எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளை உன்னிடம் சொல்லாமலா இருந்திருப்பார், தெரிந்துகொண்டேதான் என்னைச் சீண்டுகிறாய் என்று நினைக்கிறேன். இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். அந்த லிஃப்டில் நானும் இருந்தேன்.

கீழ்த்தளத்தில் முதன்மை ஆசிரியரோடு ஏறினேன். இரண்டாவது மாடி இன்சூரன்ஸ் அலுவலகத்து ஆட்கள் இருவர். கதவு மூடப்போகும்போது மாப்பிள்ளை நுழைந்தார். கசங்கிய சட்டை, கையில் மஞ்சள் பை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ம..." என்று வாயைத் திறந்தார். அன்று சாயங்காலம்தான் என் வேலையை நிரந்தரம் செய்வதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். நான் கதவுக்கு மேலே எரியும் எண்களைப் பார்த்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக "என்ன, தூரமா?" என்று கேட்டார். என்னையும் கேட்டார், முன்பின் பார்க்காத ஆளைக் கேட்பதுபோல. நான் "அஞ்சாவது மாடி" என்றேன். முதன்மை ஆசிரியர் என்னிடம், "தெரிஞ்சவரா?" என்றார். "தெரியாது சார்" என்றேன். மாப்பிள்ளை காதுபடத்தான் சொன்னேன்.

ஐந்தாவது மாடியில் நான் இறங்கினேன். அவரும் அங்கேதான் இறங்க வேண்டும். இறங்கவில்லை. அரை மணி நேரம் கழித்து வாசலில் உறை வந்திருப்பதாகச் சொன்னார்கள். அந்தச் சான்றிதழால் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

நான் ஏன் ஊருக்கு வரவில்லை என்று நீ ஒவ்வொரு வருஷமும் கேட்டாய். இப்போது தெரிந்திருக்கும். பிறகு அந்த வாக்கியத்தை ஏன் எழுதினேன் என்று கேட்டால், அவர் செய்தது அசட்டுத்தனம்தான் என்று அச்சில் வந்துவிட்டால் நான் செய்தது சின்னதாகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

உன் அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 11

அண்ணா,

அவர் சொல்லவில்லை.

ஏழு வருஷம். டீக்கடையில் நூறு தடவை அந்தக் கதையைச் சொன்னவர், ஒரு தடவைகூட அந்தப் பெட்டிக்குள் உன்னை வைக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் அவர் முன்னால் போட்டேன். படித்துவிட்டு, "உங்க அண்ணன் இதை ஏன் இப்ப எழுதணும்?" என்று என்னிடம் கோபப்பட்டார். என்னிடம்! "அன்னிக்கு அவருக்கு வேலை முடிவாகிற நாளு. நான் சொல்லாம கொள்ளாம போய் நின்னது என் தப்பு. விடு."

நான் விடமாட்டேன். நீ படித்தவன், ஒன்று உனக்கு ஏன் புரியவில்லை? உன்னைப் பார்த்து மலர்ந்த முகத்தை, "மச்சான்" என்று கூப்பிடத் திறந்த வாயை, அவர் எங்கேயாவது திருப்ப வேண்டாமா? அதற்காகத்தான் அத்தனை பேரையும் கேட்டார். உன்னையும் மூணாம் மனுஷனைப்போலக் கேட்டார். தானே கோமாளி ஆனார், உன் மானத்தைக் காப்பாற்ற. ஏழாவது மாடிக்குப் போய்ப் படியிறங்கி வந்திருக்கிறார். அதைத்தான் நீ நயம் அறியாத தன்மை என்று அச்சடித்தாய்.

இனி உனக்குச் சீட்டு அனுப்பமாட்டேன். வாக்கியத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உன் பாடு. என் வழக்கு அகராதியோடு இல்லை, உன்னோடு.

தையல்காரர் பிழைத்துக்கொண்டார். நடக்க மூன்று மாசமாகும்.

&nbsp;

ஏப்ரல் 29

வாயாடிக்கு,

உன் கடிதத்தை நான்கு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நீ சொன்னது சரி. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே ஜன்னல் செல்லாது என்றார்கள் அல்லவா? நான் இங்கே ஜன்னல் தேடிப் போனேன். பத்து நாள், காலையும் மாலையும், அட்டையும் கையுமாக. காவலாளி, ஜெராக்ஸ் கடைக்காரர், பல் டாக்டரின் உதவியாளர் என்று இருபத்துநான்கு பேர். நீ கண்டுபிடித்ததேதான் இங்கேயும். நகர நடுவில் இருப்பவர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தைச் சொல்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர் ரயில் பாதைக்கு அப்பால் கையைக் காட்டுகிறார். சூளைக்காரருக்குச் சொல், அவர் தனி ஆள் இல்லை.

நேற்றுக் கடைசிக் கூட்டம். இருபத்துநான்கையும் வைத்தேன். இருபத்தைந்தாவதாக ஒரு சீட்டு வைத்தேன். சொன்னவர்: உதவி ஆசிரியர், நான்தான். நாள், இடம், சந்தர்ப்பம் எல்லாம் விதிப்படி. அதை நானே எழுந்து நின்று வாசித்தேன். லிஃப்டில் நின்றவர் என் தங்கை கணவர், எனக்குச் சான்றிதழ் கொண்டுவந்தவர் என்பதையும் விடவில்லை.

முதன்மை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவரா? பல் டாக்டர் வாசல் வரைக்கும் கூட வந்தாரே. உங்க மச்சினர்னு தெரிஞ்சிருந்தா ஒரு காப்பியாவது வாங்கிக் குடுத்திருப்பேன்" என்றார். பிறகு, "நூத்திப் பதினாலு" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. "நூறுக்குள்ள வந்துடும்னு சொன்னாரு. நூத்திப் பதினாலுல வந்துச்சு. அதை அவருக்குத் தெரியப்படுத்தணும், தகவல் சரியா இருக்கணும்."

உன் முப்பத்தொன்றையும் மறுபடி கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டார். வேறு ஆள் வேறு இடத்தில் சேகரித்தது ஒத்துப்போனதால் இனி அவையும் செல்லும். புதுப் பதிப்பில் வரப்போவது இது:

"பட்டிக்காட்டுத்தனம்: 1. (இழிவாக) தன் வட்டத்துக்கு வெளியே உள்ளவரிடம் இருப்பதாக ஒருவர் கருதும் நயமின்மை. 2. (தன்னைப் பற்றி, வீம்புடன்) சுற்றி வளைக்காமல் நேரே கேட்கும் இயல்பு. 'நான் பட்டிக்காடுதான். அதனாலதான் நேரா கேக்கறேன்.'"

அந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிற "இழிவாக" முதல் பதிப்பில் இல்லை. சொல்கிறவனின் நினைப்பை உலக உண்மைபோலப் போட்டுவிட்டோம். முதல் பொருளுக்கும் எடுத்துக்காட்டு வேண்டும். பழையது போய்விட்டது. புதியதை நானே எழுதினேன்: "உதவிக்கு வந்த உறவினரைத் தெரியாது என்று சொன்னதுதான் பட்டிக்காட்டுத்தனம் என்று அவனுக்குப் பிறகு புரிந்தது."

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்க விரும்பாவிட்டால் ஒரு வரி எழுது. பஸ் நிலையத்திலேயே உன் ஜன்னலில் உன்னைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன்.

உன் அண்ணன்

&nbsp;

மே 2

அண்ணா,

இது சனிக்கிழமைக்குள் உன் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் நகரத்துக்கு வருகிற டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கை காட்டாதவர்களையும் நிறுத்திக் கேட்கச் சொன்ன அதே டிரைவர்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நூற்றுப் பதினாலில் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! பிறகு உன் புது எடுத்துக்காட்டை வாசித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. "இது நல்லால்லை. ஆளைக் குத்துற மாதிரி அகராதில போடக் கூடாது. மச்சானோட பொண்ணு நாளைக்குப் பள்ளிக்கூடத்துல வாசிச்சா? எடுக்கச் சொல்லு." எத்தனை எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. நீயே நேரில் வந்து வாதாடிக்கொள். ஏப்ரல் 30 தாண்டிவிட்டது, ஒரு காற்புள்ளிகூட நகராது என்று சொல்லிப் பார்த்தேன். "அந்தப் பெரியவருக்குப் பல்லு வலிச்சப்ப நான் கூட நின்னேனில்ல, எனக்காகச் செய்வாரு" என்கிறார்.

இன்று காலை ஏழே காலுக்குத் தையல்காரர் வீட்டு வாசலில் வால்வு திருகும்போது, கட்டிலில் கிடந்தவரை ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார். தையல்காரர், "இந்தக் காலை வச்சுக்கிட்டு அமெரிக்கா எல்லாம் முடியாது, பக்கத்து மாநிலம் வரைக்கும் போறேன்" என்றாராம். நான் வேலை முடிந்து வந்ததும் மத்தியானச் சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நான் அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன், அது உனக்குத் தெரிய வேண்டியதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும்போது சொல்கிறேன். அதுவரை வாய்க்கு ருசியாக எதுவும் எதிர்பார்க்காதே.

உன் பஸ் ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்கு மூன்றாம் நடைமேடையில் நிற்கும். நான் ஜன்னலை விட்டு வரமுடியாது. அவர் சைக்கிளோடு அங்கே இருப்பார். நீ இறங்கியதும், மற்ற பயணிகளைக் கேட்பதுபோல உன்னையும் "என்ன, தூரமா?" என்று கேட்கப்போகிறார். ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார். மேலே பார்க்காதே, அங்கே எந்த எண்ணும் எரியாது.

இந்தத் தடவை அவருக்குப் பதில் சொல். நாலு பேர் காதில் விழும்படி, மாப்பிள்ளை என்று கூப்பிட்டுச் சொல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் அட்டையும் பேனாவுமாக இருப்பேன்.

வாயாடி